ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்: ஆவியா, ஒழுகலா?

கேள்வி: கடலூர்_ஹேட்ச்பேக்

வணக்கம். வண்டி ஏழு வருடப் பழைய ஹேட்ச்பேக். ஹெட்லைட் இரண்டும் வண்டியோடு வந்தவை. ரிஃப்ளெக்டர் வகை (பல்பைச் சுற்றிப் பளபளப்பான குழிவுப் பரப்பு), ஹெச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்). ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் இரண்டு கண்ணாடியிலும் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது.

இடது பக்கம் மெல்லிய மூட்டம் மட்டும்தான். வண்டி ஓடி அரை மணி நேரத்தில் தெளிந்துவிடுகிறது. வலது பக்கம் தெளிவதே இல்லை. கண்ணாடியில் முத்து முத்தாகச் சொட்டு நிற்கிறது, கீழ் வெளி மூலையில் ஒரு டீஸ்பூன் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. வண்டி திரும்பும்போது அது ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது.

இரண்டு தகவல்கள் உதவலாம். சில மாதங்களுக்கு முன் ஹாலஜனை எடுத்துவிட்டு ஃபேன் வைத்த எல்இடி பல்பு போடப்பட்டது. வலது பக்கம் ஃபேன் இடித்ததால் பின்னால் இருக்கும் ரப்பர் கவரை நடுவில் வெட்டிவிட்டார்கள். அதே பக்கம் பம்பரில் லேசான அடியும் உண்டு.

விசாரித்ததில் மூன்று யோசனைகள் கிடைத்தன. அடியில் சின்ன ஓட்டை போட்டுவிடலாம். உள்ளே சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாம். சுற்றிலும் சிலிக்கான் பூசி, பின்னால் இருக்கும் சின்ன ரப்பர் குழாய்களையும் அடைத்துவிடலாம். எதைச் செய்வது? புது ஹெட்லைட் வாங்குவதைத் தவிர்க்கப் பார்க்கிறேன்.


பதில்: ஒளிக்கற்றை

சார், இடது பக்கத்தைத் தொடாதீர்கள். அங்கே எதுவும் கெடவில்லை. வலது பக்கம் ஒழுகுகிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் நன்றாக இருக்கும் இடது பக்கமும் கெட்டுப்போகும்.

ஹெட்லைட் முழுக்க அடைத்த பெட்டி அல்ல, அப்படி இருக்கவும் கூடாது. விளக்கு எரிந்து உள்காற்று 60 டிகிரிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தபின் அது 27 டிகிரிக்கு இறங்கும்போது காற்றின் கனஅளவு சுமார் 10 சதவீதம் சுருங்கும். உள்ளே 8 லிட்டர் காற்று இருந்தால், கிட்டத்தட்ட 0.8 லிட்டர் வெளிக்காற்றை அது உள்ளே இழுத்தாக வேண்டும். அந்தக் காற்று போய்வரத்தான் பின்னால் அந்தச் சின்னக் குழாய்கள், அதாவது பிரீதர்கள். சில மாடல்களில் குழாய்க்குப் பதிலாக, காற்றை விட்டு நீர்த்துளியை விடாத மெல்லிய சவ்வு ஒட்டிய மூடி இருக்கும்.

இதை அடைத்தால் என்ன ஆகும்? அதே 27-லிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது உள்ளழுத்தம் 11 சதவீதம் ஏறும். 600 சதுர சென்டிமீட்டர் கண்ணாடியில் கணக்குப் போட்டால் 60 கிலோவுக்கு மேற்பட்ட விசை உள்ளிருந்து கண்ணாடியை வெளியே தள்ளுகிறது. தினமும் இப்படித் தள்ளினால் கண்ணாடியும் பின்கூடும் சேரும் பசை எங்காவது விட்டுக்கொடுக்கும். பிறகு குளிரும்போது உள்ளே வெற்றிடம். மழையில் விளக்கை அணைத்தால், விட்டுக்கொடுத்த அந்த இடுக்கில் நிற்கும் தண்ணீரையே அது உறிஞ்சும். ஒழுகாத ஹெட்லைட்டை ஒழுக வைப்பதற்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. மூன்றாவது யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இடது பக்கம் ஏன் மூட்டம் வருகிறது? வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் பிரியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. இரவு மழையில் கண்ணாடி 26-க்குக் கீழே குளிர்ந்தாலே உள்பக்கம் வியர்க்கும். கடலோர ஊரில் மழைக்காலம் முழுக்க இது நடக்கும். பல்புக்கு நேரே இருக்கும் பகுதி முதலில் தெளிந்து, தூரத்து மூலைகள் கடைசியில் தெளியும். அரை மணி, முக்கால் மணிக்குள் போய்விட்டால் பிரச்சினை இல்லை.

வலது பக்கம் ஒழுகல்தான் என்று சொல்வதற்குக் காரணம், தண்ணீரின் அளவு. 30 டிகிரியில் ஈரம் முழுக்க நிறைந்த காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். உங்கள் 8 லிட்டரில் மொத்தமே கால் கிராம். அது 24 டிகிரிக்குக் குளிர்ந்தால் நீராகப் பிரிவது 0.07 கிராம், ஒன்றரைச் சொட்டு. ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் உள்ளே வரும் 0.8 லிட்டர் காற்று கொண்டுவரும் ஈரம் 0.02 கிராம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி சேர வேண்டுமென்றால், ஒரு துளிகூட வெளியேறாமல் 250 தடவை விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஆகவே தேங்கிய தண்ணீர் காற்றிலிருந்து வந்ததல்ல, தண்ணீராகவே உள்ளே வந்திருக்கிறது. உள்ளே வந்த வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் உலர்த்துவது அடுத்த மழைவரைக்கும்தான்.

அடியில் ஓட்டை: தேங்கிய தண்ணீர் இறங்கும், உண்மை. ஆனால் முன்சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீர் அதே ஓட்டை வழியே ஏறும். சில மாதங்களில் ரிஃப்ளெக்டரில் தூசிப் படலம் உட்கார்ந்துவிடும், அதைத் துடைக்க வழியில்லை.

சிலிக்கா ஜெல்: பிரீதர் வழியாக ஊர்க் காற்று வந்துகொண்டே இருக்கும். 50 கிராம் பாக்கெட் அதிகபட்சம் 15, 20 கிராம் அளவுக்கு ஈரம் பிடிக்கும், அதன்பின் நிறைந்துவிடும். நிறைந்த பாக்கெட் விளக்குச் சூட்டில் அதே ஈரத்தை உள்ளேயே திருப்பி விடும். வண்டி குலுங்கலில் நகர்ந்து ஹாலஜன் பல்பில் பட்டால் உருகும். கழற்றி உலர்த்தும்போது மேசைமேல் வைத்து உதவிக்குப் பயன்படுத்தலாம், உள்ளேயே விட்டுவிட்டு மூடக்கூடாது.


பதில்: பட்டறை_வெளிச்சம்

மேலே சொன்ன கணக்கோட வேலைப் பக்கத்தையும் சேர்த்துக்கோங்க சார்.

வெட்டின ரப்பர் கவர்தான் முதல் சந்தேகம். அந்த ரப்பர் பூட் பல்பு ஹோல்டரைச் சுத்தி இறுக்கமா உட்கார்ந்தாதான் பானட் இடுக்குல இருந்து வழியுற தண்ணி உள்ள போகாது. வெட்டின பூட்டை ஒட்டுப் போடவே வேண்டாம், உங்க மாடலுக்குப் புதுசு தனியாவே கிடைக்கும். நிறைய பூட்ல மேல் பக்கத்துக்குக் குறி வார்த்திருப்பாங்க. அந்தக் குறி மேலே வரணும், ஏன்னா கீழ்ப்பக்கம் தண்ணி வடியுற மாதிரி மடிப்பு வச்சிருக்கும். திருப்பிப் போட்டா அதே மடிப்பு தண்ணியை ஏந்தும். ஹெச்4 பல்போட மூணு காலும் பூட்டோட மூணு ஓட்டையில முழுசா வெளிய வந்திருக்கணும். உள்வட்ட உதடு பல்பு அடித்தட்டோட ஒட்டி இருக்கணும். பூட் சரியா உட்காராததால மட்டும் வர்ற ஈரக் கேஸ் நிறைய.

ஆனா உங்க கேஸ்ல பம்பர் அடியும் இருக்கு, தண்ணியும் வெளி மூலையில நிக்குது. அதனால பூட்டோட நிறுத்தாம இதையும் பாருங்க.

பின்னாடி பார்க்கிங் பல்பு, இண்டிகேட்டர் பல்பு ஹோல்டர்கள்ல சின்ன ரப்பர் வளையம் இருக்கும். கால் சுற்று திருப்பிப் பூட்டுற இடம். பல்பு மாத்தும்போது வளையம் கீழே விழுந்து போயிருக்கும், இல்லன்னா முறுக்கிக்கிட்டு இருக்கும். லைட் உயரத்தை உள்ள இருந்தே மாத்துற லெவலிங் மோட்டார் இருந்தா அதுக்கும் ஒரு வளையம் உண்டு.

பிரீதர் குழாய் எல் வடிவத்துல வாய் கீழ் நோக்கி இருக்கும். அது கழன்டு விழுந்திருந்தா வெறும் ஓட்டை பின்பக்கம் பார்த்துத் திறந்து நிக்கும், வாட்டர் வாஷ் அடிக்கும்போது நேரா உள்ள போகும். குழாய் இருந்தும் அடைச்சிருந்தா அதுவும் தொல்லைதான். குளவி மண்ணு, சிலந்தி வலை, எறும்பு எல்லாம் அதுக்குள்ள குடியிருக்கும். குழாயைக் கழட்டிச் சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய வச்சு மாட்டுங்க. உள்ள ஃபோம் இருந்தா அதையும் கழுவி மாட்டணும், வேற கெட்டியான ஸ்பாஞ்சு வெட்டி வைக்கக் கூடாது. சவ்வு மூடியா இருந்தா ஊசியால குத்தாதீங்க, ஏர் அடிக்காதீங்க. அழுக்கேறி அடைச்சிருந்தா மூடியையே மாத்தணும்.

வண்டியில இருந்தபடியே தேடணும்னா: முதல்ல உள்பக்கத்தைக் காய வச்சுக்கோங்க. அப்புறம் முனை போடாத ஓஸ் பைப், மெதுவான தண்ணி. கீழ் ஓரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு பக்கமா மூணு நாலு நிமிஷம் விடுங்க, இன்னொருத்தர் டார்ச் அடிச்சு உள்ள பார்க்கட்டும். கீழ இருந்து மேலன்னு ஏன் சொல்றேன்னா, மேல ஊத்தினா தண்ணி எல்லா இடத்துலயும் வழியும், எந்த இடம்னு தெரியாது. ஜெட் வாஷ் முனையால அடிச்சுப் பார்க்கவே கூடாது. நல்ல ஹெட்லைட்டும் அந்த அழுத்தத்துக்கு உள்ள வாங்கும்.

கழட்டினா இன்னும் சுலபம். பேட்டரி நெகட்டிவை எடுத்துட்டு, வயர் மாட்டுற கப்ளரைப் பிரிச்சு, 10 நம்பர் போல்ட்டுகளை எடுங்க. பல மாடல்ல பம்பரைப் பாதி இறக்காம வெளி ஓரப் போல்ட் கைக்கு வராது. லைட் உயரம் சரி பண்ற திருகு ரெண்டையும் தொடாதீங்க. கழட்டினப்புறம் ஒரு பிரீதரை மட்டும் விட்டுட்டு மத்த எல்லா வாயையும் டேப் போட்டு அடைங்க. மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்போட டியூபை அந்த ஒரு வாயில சொருகி டேப் சுத்துங்க. பம்பை ஓட விட்டு, சோப்புத் தண்ணியை பிரஷ்ல தொட்டு ஓரம் முழுக்கத் தடவுங்க. குமிழி வர்ற இடம்தான் ஒழுகுற இடம். டயர் கடை கம்ப்ரசரை இதுக்கு வைக்காதீங்க, ஓரம் பிளந்துரும்.

கப்ளரைக் கழட்டின கையோட பின்களையும் பாருங்க. கடலோரம்னா பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும். ஈரமான ஹெட்லைட்ல முதல்ல கெடுறது அதுதான். களிம்பு இருந்தா மின்தடை ஏறி, ஹோல்டர் சூடாகி உருகும்.


கடலூர்_ஹேட்ச்பேக்

மிக்க நன்றி, இருவருக்கும். கழற்றிப் பார்த்தாயிற்று. பூட் கிழிசல் தெரிந்ததுதான். பார்க்கிங் பல்பு வளையம் சரியாக இருக்கிறது, பிரீதர் குழாய்கள் இரண்டும் இருக்கின்றன, ஒன்றில் மண் அடைப்பு. ஏர் பம்பு வைத்துச் சோப்புத் தண்ணீர் தடவியதில் கீழ் வெளி மூலையில் கண்ணாடி ஓரத்தில் நான்கு அங்குல நீளத்துக்குக் குமிழி வருகிறது. அதற்குப் பக்கத்தில், போல்ட் பூட்டும் காதின் அடியில் கூட்டில் மெல்லிய விரிசலும் இருக்கிறது. அங்கேயும் ஒன்றிரண்டு குமிழி.

கண்ணாடியை முழுக்கப் பிரித்தெடுக்க வேண்டுமா? வீட்டு ஓவனில் வைத்துப் பிரிக்கலாம் என்கிறார்கள்.


பதில்: பட்டறை_வெளிச்சம்

நாலு அங்குலத்துக்காகக் கண்ணாடியைப் பிரிக்க வேண்டாம் சார். பிரிச்சா இப்ப ஒழுகாத மீதி ஓரத்தையும் புதுசா ஒட்டணும், அதுல ஒரு இடம் விட்டாலும் திரும்ப முதல்ல இருந்து. அதுவும் வீட்டு ஓடிஜிக்குள்ள ஹெட்லைட் நுழையாது. நுழைஞ்சாலும் கம்பிக்குப் பக்கத்துல இருக்கிற பகுதி வளைஞ்சுரும்.

முதல்ல உலர்த்துறது. பல்பு, ஹோல்டர், பூட், பிரீதர் எல்லாத்தையும் எடுத்துட்டு, ஹெட்லைட்டைச் சாய்ச்சு பல்பு ஓட்டை வழியா தண்ணியை வடிங்க. உள்ள சேறு இருந்தா, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் 200 மில்லி ஊத்திக் குலுக்கிக் கொட்டுங்க, ரெண்டு தடவை போதும். குழாய்த் தண்ணியோ போர்த் தண்ணியோ வேண்டாம், காய்ஞ்சதும் உப்பு வட்டம் நிக்கும், உள்ள கை விட்டு எடுக்க முடியாது. அப்புறம் ஏசி ரூம்ல, டேபிள் ஃபேன் பல்பு ஓட்டையைப் பார்த்த மாதிரி, ஒரு நாள் முழுக்க. ஏசி காத்துல ஈரம் குறைவு, அதுதான் இங்க வேலை செய்யுது. அவசரம்னா ஹேர் டிரையரைக் குறைஞ்ச சூட்டுல வச்சு ஊதலாம், கண்ணாடியைத் தொட்டா கை பொறுக்கிற சூடு தாண்டக் கூடாது.

அடுத்தது ஓரம். அந்த இடுக்குல ஒரு ஊசியைக் குத்தி இழுத்துப் பாருங்க. கறுப்பா, சூயிங்கம் மாதிரி இழுபட்டா அது பியூட்டைல். சூடு காட்டினா இளகும், திரும்ப ஒட்டும். இழுபடாம ரப்பர் மாதிரி கெட்டியா இருந்தா அது சூட்டுக்கு இளகாத வகை, அதுக்கு வேற வழி.

பியூட்டைலா இருந்தா: இடுக்கை பிரஷ் போட்டுக் கழுவி, காய வச்சு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால ஓரத்தைத் துடைங்க. தின்னரோ பெட்ரோலோ வேண்டாம், கண்ணாடியா தெரியுறது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், தின்னர் பட்டா மெல்லிசா வெடிப்பு ஓடும். ஓரத்துல கிளிப்பு, சின்ன திருகு இருந்தா எடுத்து வச்சுக்கோங்க. ஹீட் கன்னைக் குறைஞ்ச சூட்டுல, 15, 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிச்சு, பின்கூட்டுப் பக்கமா காட்டுங்க, கண்ணாடிப் பக்கம் காட்டாதீங்க. கையை நிறுத்தவே கூடாது. மூணு நாலு நிமிஷத்துல பசை இளகும். 3 மில்லிமீட்டர் கனத்துக்கு உருட்டின புது பியூட்டைல் திரியை இடுக்குல வச்சு, ஐஸ் குச்சியால உள்ள அழுத்துங்க. இன்னொரு தடவை சூடு காட்டி, ரெண்டு பக்கமும் மரத்துண்டு வச்சு சி கிளாம்ப் போட்டு இறுக்குங்க. கண்ணாடி உள்ள உட்காருறது தெரியும், அதோட நிறுத்தணும். முழுசா ஆறின பிறகுதான் கிளாம்பை எடுக்கணும், சூட்டோட எடுத்தா பிளாஸ்டிக் திரும்ப விலகும். கிளிப்பைப் போட்டுட்டு ஏர் பம்பு, சோப்புத் தண்ணி சோதனை இன்னொரு தடவை.

இளகாத வகையா இருந்தா, இடுக்குல கத்தி முனையால 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, முன் கண்ணாடி ஒட்டுற பாலியூரித்தேன் பசையை அதோட பிரைமர் தடவி நிரப்பணும். ஒரு நாள் விட்டுட்டு மாட்டலாம்.

விரிசலுக்கு எம்-சீலோ ஃபெவிக்விக்கோ போடாதீங்க. பின்கூட்டைத் திருப்பிப் பார்த்தா பிபி-ன்னு ஆங்கில எழுத்து வார்த்திருக்கும், அது பாலிப்ரோப்பிலீன். அதுல இந்த மாதிரிப் பசை நிலைக்காது, நகத்தால உரிச்சா வந்துரும். பம்பர் பிளாஸ்டிக் வெல்டிங் பண்ற கடையில குடுங்க. விரிசல் முனையில சின்னதா ஒரு ஓட்டை போட்டு, அது மேல ஓடாம நிறுத்தி, அதே பாலிப்ரோப்பிலீன் கம்பியால உருக்கி நிரப்புவாங்க, அந்த ஓட்டையும் சேர்ந்து அடைபடணும். காதுல விரிசல் இருக்கிறதால வெல்டிங்கை மேலேயும் அடியிலேயும் ரெண்டு பக்கமும் கேளுங்க, இல்லன்னா போல்ட் இறுக்கும்போதே திரும்பப் பிளக்கும்.


பதில்: ஒளிக்கற்றை

மேலே சொன்ன முறையே சரியானது. சேதம் தவிர்க்கச் சில எச்சரிக்கைகள்.

ரிஃப்ளெக்டரைத் துணியால், பஞ்சால், எதனாலும் துடைக்காதீர்கள். அந்தப் பளபளப்பு வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். ஈரத்துணி ஒரு முறை பட்டாலே கீறல் விழும். ஆள் கண்ணுக்கு லேசான மங்கலாகத் தெரிவது, இரவில் எதிரே வருபவர் கண்ணில் சிதறிய ஒளியாகக் குத்தும். கண்ணாடியின் உள்பக்கமும் அப்படித்தான்: பல ஹெட்லைட்டுகளில் ஆவி படியாமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் அது போய்விடும், பிறகு துடைத்த கோடுகளில் மட்டும் மூட்டம் நிற்கும்.

ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காயும்போது வரும் அதன் ஆவி, மூடிய இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் படலமாகப் படியும். சிலிக்கானிலும் இதே கவனம் தேவை. வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். அது அலுமினியப் படலத்தையும் பித்தளைப் பின்களையும் அரிக்கும். எங்காவது சிலிக்கான் தேவைப்பட்டால் நியூட்ரல் க்யூர் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பியூட்டைல் இருக்கும் இடத்தில் அதைத் தடவ வேண்டாம், சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு பியூட்டைல் ஒட்டாது.

கழற்றிய ஹெட்லைட்டை வெயிலில் காய வைக்கும் பழக்கம் இருக்கிறது. ரிஃப்ளெக்டர் குழிவானது, புரொஜெக்டர் வகையில் முன்னால் தடித்த லென்ஸ் இருக்கும். சூரியன் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவிந்து உள்ளே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் உருகும். நிழலில் காய வையுங்கள், இல்லையெனில் முகத்தைத் துணியால் மூடி வையுங்கள்.

எல்லாம் சரிசெய்து மாட்டிய பிறகு முதல் சில இரவுகளில் லேசான மூட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். பாலிகார்பனேட் தன் எடையில் 0.3 சதவீதம் வரை நீரைத் தனக்குள் பிடித்துவைக்கும். மாதக்கணக்கில் தண்ணீரோடு நின்ற கண்ணாடி அதை மெதுவாகத்தான் விடும், பிரீதர் வழியாக வெளியேற நேரம் எடுக்கும். நாளுக்கு நாள் குறைந்தால் வேலை சரி. மறுபடி சொட்டு நின்றால் இன்னொரு வழி இருக்கிறது என்று அர்த்தம்.


பதில்: தெற்கு_வீதி

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. வாரண்டி உள்ள வண்டியாக இருந்தால் ஹெட்லைட்டில் நீங்களாகச் சூடு காட்டுவதோ பசை தடவுவதோ வேண்டாம். கைபட்ட தடயம் இருந்தாலே நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடும். பல கம்பெனிகளின் உரிமையாளர் கையேட்டில் லேசான ஆவி இயல்பு என்றே எழுதியிருப்பார்கள். எனவே "ஆவி வருகிறது" என்று புகார் செய்தால் திருப்பி அனுப்புவார்கள். "தண்ணீர் தேங்குகிறது, விளக்கு எரிந்தும் போகவில்லை" என்று எழுதுங்கள். காலையில் ஒரு படம், விளக்கு எரியவிட்டு ஒரு மணி நேரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம், தேங்கிய தண்ணீர் ஓடுவதைக் காட்டும் சின்ன வீடியோ. சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் அந்த வரியை ஏற்றச் சொல்லுங்கள். வண்டி வாங்கிய பிறகு எல்இடி மாற்றியிருந்தால் அதை மறைத்துப் பயனில்லை, பூட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.


கடலூர்_ஹேட்ச்பேக்

பசை பியூட்டைல்தான், நன்றாக இழுபடுகிறது. விரிசலை வெல்டிங்குக்குக் கொடுக்கிறேன். கடைசியாக ஒன்று: புது பூட் போட்டால் எல்இடி ஃபேன் வெளியே நிற்காது. எல்இடியை வைத்துக்கொண்டே செய்ய வழி உண்டா, இல்லை ஹாலஜனுக்கே திரும்ப வேண்டுமா? திரும்ப மாட்டும்போது லைட் உயரத்தை எப்படிச் சரிபார்ப்பது?


பதில்: ஒளிக்கற்றை

ஹாலஜனுக்குத் திரும்புங்கள். பூட் மூடாதது மட்டும் காரணமல்ல. ஹெச்4 ஹாலஜன் 60/55 வாட். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது, அதில் கணிசமான பங்கு அகச்சிவப்புக் கதிராக முன்னால் கண்ணாடியில் விழுகிறது. கண்ணாடியை உலர வைத்துக்கொண்டிருந்தது அந்த வெப்பம்தான். எல்இடியின் வெப்பம் பின்னால் இருக்கும் உலோகத் தகடுகள், ஃபேன் பக்கம் போய்விடுகிறது, கண்ணாடி குளிர்ந்தே கிடக்கிறது. இடது பக்க மூட்டம் தெளிய அரை மணி ஆவதற்கும் இது ஒரு காரணம், ஹாலஜன் போட்டால் சீக்கிரமே தெளியும். வண்டியோடு எல்இடியாகவே வரும் சில ஹெட்லைட்டுகளில் ஹீட் சிங்க் (எல்இடியின் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) சூட்டை ஃபேன் வைத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுவார்கள். கடையில் வாங்கிச் சொருகும் பல்பில் அந்த ஏற்பாடு இல்லை. தவிர, ஹெச்4 ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட் நிற்கும் இடத்துக்காக வளைத்தது, எல்இடி சிப் வேறு இடத்தில் நின்றால் ஒளி எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறும்.

கூடுதல் வெளிச்சத்துக்காக 100/90 வாட் ஹாலஜன் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஹோல்டரும் வயரும் அதற்கானவை அல்ல. பல்பின் கண்ணாடிக் குழாயை விரலால் தொட்டால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மாட்டுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போகும்.


பதில்: பட்டறை_வெளிச்சம்

உயரம் சரிபார்க்க: மாட்டினதும் சமதளத்துல, சுவத்துக்கு நேரா, ஹெட்லைட்டுக்கும் சுவத்துக்கும் 5 மீட்டர் இடைவெளி விட்டு வண்டியை நிறுத்துங்க. டயர் காத்து சரியா இருக்கணும், டிரைவர் சீட்ல ஒருத்தர் உட்காரணும், உள்ள லெவலிங் திருகி இருந்தா பூஜ்யத்துல. தரையில இருந்து பல்பு மையத்துக்கு எவ்வளவு உயரம்னு அளந்து, அதே உயரத்துல சுவத்துல ஒரு டேப் ஒட்டுங்க. அதுக்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். டிம் போட்டா வெளிச்சத்தோட மேல் விளிம்பு கீழ் டேப்ல நிக்கணும், நம்ம ஊர் வண்டிக்கு இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறும். ஏறுறது வலது பக்கமா இருந்தா அது வேற நாட்டு ஹெட்லைட், இங்க ஓட்டக் கூடாது. கழட்டாத இடது பக்க லைட்டையும் பாருங்க. அதுலயும் எல்இடியை எடுத்துட்டு ஹாலஜன் போடுறதால உயரம் மாறியிருக்கலாம்.

ரெண்டு திருகுல ஒண்ணு மேல் கீழ், இன்னொண்ணு பக்கவாட்டு. கால் சுத்து திருப்பி, சுவத்துல எது நகருதுன்னு பார்த்துட்டு மேல போங்க. கைக்கு இறுக்கமா இருந்தா அழுத்தித் திருப்பாதீங்க, உள்ள இருக்கிற பிளாஸ்டிக் பந்து கழன்டா ரிஃப்ளெக்டர் தொங்கிடும், அப்புறம் கண்ணாடியைப் பிரிச்சுதான் ஆகணும்.